ஸ்டெல்லா பெயரில் ஓடிய லைன்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது பிரபு ஒரு விஷயம் சொன்னான். இப்போதெல்லாம் அவன் ஆபீஸில் புரோகிராமை அவன் எழுதுவதில்லையாம். இன்னது வேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் சொன்னால் அதுவே எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். இவன் பார்த்துவிட்டு, சரி என்று அனுப்புகிறானாம்.

"யார் பேர்லடா போவுது அது?" என்று கேட்டேன்.

"என் பேர்லதாம்பா. வேற யார் பேர்ல போவும்?"

"தப்பா இருந்தா?"

"நான்தான் மாட்டுவேன்."

"முழுசா படிச்சுப் பார்த்துட்டுதான் அனுப்புறியா?"

அவன் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். கீதாதான் சிரித்தாள். "உங்க காலம் மாதிரி நெனச்சுக்காதீங்கப்பா. உங்க வேலையே இன்னான்னு எங்களுக்கு இன்னும் தெரியாது. ஸ்கூல்ல கேட்டா அம்மா எலக்ட்ரீஷியன்னு சொல்லுவாங்க, நீங்க கம்ப்யூட்டர்னு சொல்லுவீங்க."

இரண்டும் சரிதான். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேருக்கும் போன் அடித்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது நான் எவ்வளவு நேரம் குழம்பினாலும் "சீக்கிரம் சொல்லுங்கப்பா" என்று யாரும் சொல்ல முடியாது. இதைப் படித்து நீங்கள் ஏதாவது கற்றுக்கொள்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. எனக்கே இன்னும் தெளியாத விஷயம் இது.

நான் படித்தது பத்தாவது. அப்புறம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன். ஃபாக்டரியில் மோட்டாருக்கு ஒயர் இழுக்கத்தான் சேர்த்தார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கும் ஒயர் இழுக்க வேண்டும் அல்லவா, என்னைக் கூப்பிட்டார்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் ஒரு சென்டர் இருந்தது. சாயங்காலத்தில் அங்கே போய் ஆறு மாசம் படித்தேன். என் கம்ப்யூட்டர் படிப்பு அவ்வளவுதான். மீதி எல்லாம் கோதண்டராமன் சாரிடம்.

அவர் எங்கள் சிஸ்டம்ஸ் மேனேஜர். பெரம்பூர்க்காரர். மேனேஜர் ஆகியும் பேச்சிலிருந்து பெரம்பூர் போகவில்லை. சட்டைப் பையில் மடித்து ஒரு சின்னத் துண்டு வைத்திருப்பார். கீபோர்டைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு கையையும் அதில் துடைப்பார். வேலை முடிந்த பிறகும் துடைப்பார். கை சுத்தமாகத்தான் இருக்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஃபாக்டரியில் சாமான் தயாராகிற லைனிலிருந்து "சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு" என்று போன் வரும். அந்த வார்த்தையை அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். என்னை அனுப்புவார். நான் அங்கே போய் நின்று அவருக்குப் போன் போட வேண்டும். திரையில் இருப்பதை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படிக்கச் சொல்வார். இங்கிலீஷில் இருக்கும். பாதி வார்த்தை எனக்கு வாயில் நுழையாது. லைனில் இருக்கிற பெண்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். நான் ஒண்ணாங்கிளாஸ் பையன் மாதிரி எழுத்துக்கூட்டிப் படிப்பேன். படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்வேன்.

"நெட்வொர்க் போயிருக்கும்னு நெனைக்கிறேன் சார்."

"நீ இன்னா நெனைக்கிறன்னு கேட்டனா தேவா? ஸ்க்ரீன் இன்னா சொல்லுது, அத்த மட்டும் சொல்லு. நெனைக்கறத டீ குடிக்கசொல்ல நெனச்சுக்கலாம்."

அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. உங்கள் அம்மா உடம்பு சரியில்லை என்றால்கூட, "எங்க வலிக்குது, அத மட்டும் சொல்லு. எதனாலன்னு நீயா சொல்லாத" என்பேன். அதற்காக எத்தனை தடவை கரண்டியைக் காட்டியிருக்கிறாள் என்று உங்களுக்கே தெரியும். திரை சொல்வதுதான் உண்மை என்று நான் நம்ப ஆரம்பித்தது சாரிடம் வேலை பார்த்துத்தான். ஆனால் அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. திரை சொல்வதைச் சொல் என்றுதான் சொன்னார். இந்த வித்தியாசம் ரிடையர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைக்கிறது.

எங்கள் கம்பெனியில் செய்தது காருக்கு பிரேக் ஹோஸ். பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாய். அது கசிந்தால் பிரேக் பிடிக்காது. அதனால் ஒவ்வொரு குழாயையும் கடைசியில் ஒரு ஆள் உட்கார்ந்து சோதிக்க வேண்டும். லீக் டெஸ்ட் ஸ்டேஷன் என்று அதற்குப் பெயர். ஒரு கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கும். குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றை ஏற்றித் தண்ணீரில் முக்குவார்கள். குமிழி வந்தால் சிவப்புப் பொத்தான். வராவிட்டால் பச்சை. பச்சையை அமுக்கினால் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் வெளியே வரும், அதைக் குழாயில் ஒட்டுவார்கள். காற்றை ஏற்றுவது மெஷின். ஸ்டிக்கர் அடிப்பது கம்ப்யூட்டர். குமிழியைப் பார்ப்பது மட்டும் மனுஷக் கண். அந்த ஸ்டிக்கரைப் பிற்பாடு எங்கே ஸ்கேன் பண்ணினாலும், எந்த நாள், எந்த ஸ்டேஷன், பச்சையை அமுக்கியது யார் என்று பெயரோடு வந்துவிடும்.

பெயர் எப்படி வரும் என்றால், அது என் வேலை. புதிதாக ஒரு ஆள் வந்தால் சூப்பர்வைசர் கேட்க வேண்டும். எச்.ஆரிலிருந்து அந்த ஆளுக்கு ஒரு நம்பர் வர வேண்டும். அந்த நம்பரில் நான் பெயரை ஏற்றி, ஒரு பாஸ்வேர்டு போட்டு, அந்த ஆளை ஸ்டேஷனுக்கே கூட்டிக்கொண்டு போய், அங்கேயே வேறு பாஸ்வேர்டு மாற்ற வைக்க வேண்டும். மாற்றும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். இது சார் போட்ட சட்டம். எட்டிப் பார்க்கிற மாதிரி கழுத்தைத் திருப்பினால்கூடத் திட்டுவார். ஆள் வேலையை விட்டுப் போனால் எச்.ஆர். எனக்கு எழுதும். நான் பெயரை மூடுவேன். இதுவரை எல்லாம் ஒழுங்கு.

ஆனால் அந்த சாஃப்ட்வேரைப் பெயர்க் கணக்கில் விற்றிருந்தார்கள். இத்தனை பேருக்கு என்று வாங்கினால், அதற்கு மேல் ஒரு பெயர்கூட ஏறாது. லைன் பெருகியது, ஆட்கள் பெருகினார்கள். பெயர் மட்டும் பெருகவில்லை. கான்ட்ராக்டில் வருகிறவர்கள் எப்படியும் கொஞ்ச நாளில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்று எச்.ஆர். அவர்களுக்கு நம்பரே தராது. நம்பர் இல்லாமல் நான் பெயர் ஏற்ற முடியாது. பெயர் ஏறாததால் அவர்கள் வேலை செய்யாமலா இருந்தார்கள்? செய்தார்கள். நம்மவர்களை விட அதிகமாகவே செய்தார்கள்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒருத்தி தன் பெயரை மூடி இன்னொருத்தி தன் பெயரைத் திறந்தால், திரை வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கும். லைன் அதற்காக நிற்காது. குழாய் வந்து குவியும். அதனால் லைனில் அவர்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். காலையில் முதலில் வந்து உட்காருகிறவள் தன் பெயரில் திறப்பாள். அப்புறம் யார் டீக்குப் போனாலும், யார் மாறி உட்கார்ந்தாலும் ஷிப்ட் முடிகிறவரை எல்லாம் அவள் பெயரிலேயே ஓடும். "இன்னிக்கு யார் பேர்ல ஓடுது?" என்பது அங்கே சர்வ சாதாரணமான கேள்வி. ஒரே ரேஷன் கார்டில் ஒரு குடும்பம் சாப்பிடுவது போல. சூப்பர்வைசர் பாஸ்கருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சாருக்கும் தெரியும். ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? எல்லாருக்கும் சேர்த்து ஒரே மெயில், என் பெயரில். வீடியோ ஆப்பைத் திறந்தால் எனக்கு முதலில் வருவது கல்யாணப் பெண் மேக்கப். அது கீதா பார்த்தது. அடுத்தது பைக் இன்ஜினைப் பிரித்து மாட்டுவது. அது பிரபு. அதற்கு அடுத்தது வல்லக்கோட்டை முருகனுக்கு அபிஷேகம், அது அம்மா. நான் பார்க்கிற பழைய மல்யுத்தம் எங்கேயோ அடியில் கிடக்கிறது. அந்தப் போனுக்குள் தேவராஜ் என்று ஒரு ஆள் இருக்கிறான். மீசை வைத்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி மேக்கப் போட்டு, கிரீஸ் கையோடு முருகனுக்குப் பால் ஊற்றுகிறான். அவனுக்குத்தான் எல்லா விளம்பரமும் வருகிறது. அவன் யார் என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றும்.

விஷயத்துக்கு வருகிறேன். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட அந்தப் பெருமழைக்கு முந்தின வருஷமா, அடுத்த வருஷமா, சரியாக நினைவில்லை. எங்களிடம் குழாய் வாங்குகிற கார் கம்பெனியில், வண்டியில் மாட்டும்போது ஒரு ஹோஸ் கசிந்தது. நல்ல வேளை, வண்டி வாசலைத் தாண்டவில்லை. அந்தக் குழாயை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதில் எங்கள் ஸ்டிக்கர் பத்திரமாக ஒட்டியிருந்தது.

சார் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். ஸ்கேன் பண்ணச் சொன்னார். பண்ணினேன்.

"இன்னா சொல்லுது?"

"ஸ்டெல்லான்னு சொல்லுது சார்."

அவர் துண்டை மடித்துப் பையில் வைத்தார். "சரி. மேல அனுப்பு" என்றார்.

ஸ்டெல்லா மண்ணூரில் இருந்து வருகிற பெண். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. லைனிலேயே சத்தமான வாய் அவளுடையதுதான். நான் எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படிக்கும்போது "சத்தமா படிங்கண்ணே, கடைசி பெஞ்சுக்குக் கேக்கல" என்று கத்துவாள். ட்ரெயினியாகச் சேர்ந்து ரொம்ப நாளாகி, அந்த மாசமோ அடுத்த மாசமோ நிரந்தரம் ஆக வேண்டியவள். புருஷன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால், அவர் வீட்டோடு இருந்தார். இரண்டு பிள்ளைகள். கசிகிற குழாய்க்குப் பச்சை அமுக்கினவரை வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதில் மன்னிப்பே கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். விசாரணைக்கு ஒரு நாள் குறித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதுவரை அவளை மாற்ற ஆள் இல்லை என்று அதே ஸ்டேஷனில்தான் உட்கார வைத்திருந்தார்கள்.

கேன்டீனில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அதுல என் பேரு மட்டும்தான் வருதா? கூட வேற எதுனா வரலியா?"

"உன் பேருதாம்மா வருது."

"அன்னிக்கு நான் அங்கயே இல்லண்ணே. டீக்கு அப்புறம் பாஸ்கர் சார் என்னைப் பேக்கிங்குக்குப் போன்னு துரத்திட்டாரு. செல்விதான் உக்காந்துச்சு."

செல்வி என்பது முத்துச்செல்வி. ராமநாதபுரத்துப் பக்கம். கான்ட்ராக்டில் வந்து ஒரகடத்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண். லைனுக்குப் புதுசு. நம்பர் இல்லாததால் நான் ஏற்றாத பெயர்களில் அவளுடையதும் ஒன்று.

"அப்ப அத விசாரணையில சொல்லு" என்றேன்.

"சொல்லிட்டு?" அவள் தட்டை வைத்துவிட்டாள். "சொன்னா அது இன்னிக்கே பொட்டிய கட்டிக்கினு பஸ் ஏறணும். சொல்லலன்னா நான் ஏறணும். இன்னா பண்றதுன்னு உங்க கம்ப்யூட்டராண்ட கேட்டுச் சொல்லுங்கண்ணே."

"பாஸ்கர் சொல்லட்டுமே?"

"அவரு எங்க வாயத் தொறக்கப் போறாரு? அடுத்தவ பேர்ல ஓட்டுறது தப்பு, அவர்தானே சூப்பர்வைசர்னு அவர் தலையும்ல போவும்?"

திரை சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பச்சை ஸ்டெல்லா பெயரில்தான் விழுந்திருந்தது. ஸ்டெல்லா சொன்னதிலும் பொய் இல்லை. இரண்டு உண்மையையும் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் டீயைப் பாதியில் வைத்தார். எப்போதுமே பாதியில் வைக்கிறவர்தான். "எனக்குத் தெரியும் தேவா" என்று மட்டும் சொன்னார். என்ன தெரியும் என்று சொல்லவில்லை.

விசாரணை மாடியில் மீட்டிங் ரூமில். எச்.ஆர். மேடம், பாஸ்கர், கோதண்டராமன் சார், கடைசியில் நாற்காலி நுனியில் ஸ்டெல்லா. காலை ஷிப்ட் பாதியில் லைனிலிருந்து அவளைக் கூப்பிட்டு வந்திருந்தார்கள். கையில் இன்னும் தண்ணீர் ஈரம் இருந்தது, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே இருந்தாள். புரொஜெக்டரை மாட்டிச் சுவரில் காட்டுவது என் வேலை. ஸ்கேன் பண்ணி அந்தக் குழாயின் பக்கத்தைக் காட்டினேன். நாள், ஸ்டேஷன், ஸ்டெல்லா.

எச்.ஆர். மேடம் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தவே மாட்டார். "ஸ்டெல்லா, இது உங்க பேர்தானே?"

"ஆமா மேடம்."

"உங்க பாஸ்வேர்டை வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

அதுவும் உண்மைதான். அந்த வழக்கத்தில் பாஸ்வேர்டை யாரும் யாருக்கும் தர வேண்டியதில்லை. திறந்து வைத்துவிட்டு எழுந்து போனால் போதும்.

"அப்போ இதை டெஸ்ட் பண்ணது நீங்கதானே?"

ஸ்டெல்லா பாஸ்கரைப் பார்த்தாள். பாஸ்கர் மேசையைப் பார்த்தார். நான் அந்தக் குழாயின் பக்கத்தை மூடினேன். மூடினால் முதல் பக்கம் தானாக வரும். அதில் எல்லா ஸ்டேஷனும் அந்த நிமிஷம் என்ன செய்கிறது என்று ஓடிக்கொண்டிருக்கும். அதையும் மூடப் போனபோது சார் சொன்னார், "அது இருக்கட்டும் தேவா. அப்டியே வுடு."

சுவரில் பெரிசாக ஓடியது. லீக் டெஸ்ட் ஸ்டேஷன். ஸ்டெல்லா. பச்சை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஸ்டெல்லா, பச்சை. மறுபடியும் ஸ்டெல்லா. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சிவப்பு விழுந்தது. அதுவும் ஸ்டெல்லா.

"இது என்னைக்கு நடந்தது?" என்று மேடம் கேட்டார்.

"இப்ப மேடம்" என்றேன். "இது இப்ப கீழ நடக்கறது."

மேடம் சுவரைப் பார்த்தார். அப்புறம் ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவளுடைய இரண்டு கையும் மடியில்தான் இருந்தன.

"அப்போ அங்க உட்கார்ந்திருக்கறது யார்?"

அங்கே உட்கார்ந்திருந்தது செல்வி என்று அந்த அறையில் மூன்று பேருக்காவது தெரியும். ஸ்டெல்லா சொன்னாள், "நான்தான் மேடம். பேரு போட்டிருக்கு, பாருங்க."

"விளையாடாதீங்க. நீங்க இங்க இருக்கீங்க."

"அன்னிக்கும் இப்பிடித்தான் மேடம். நான் வேற எடத்துல இருந்தேன், என் பேரு அங்க இருந்துச்சு. என்னை அனுப்புனா அனுப்புங்க. யாரு உக்காந்தாங்கன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. நாங்க எல்லாருமேதான் உக்காருவோம்."

பாஸ்கருக்கு இருமல் வந்தது. சார் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் கீபோர்டைத் தொடவே இல்லை. சுவரில் ஸ்டெல்லா பச்சை, ஸ்டெல்லா பச்சை என்று போய்க்கொண்டே இருந்தது. "அதை முதல்ல நிறுத்துங்க" என்றார் மேடம்.

முதல் பக்கத்தை அப்படியே விடச் சொன்னது சார் வேண்டுமென்றே செய்ததா, இல்லை யதேச்சையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படி இறங்கும்போது கேட்டுப் பார்த்தேன். "ஸ்க்ரீன் இன்னா சொல்லிச்சோ அத்தத்தானே காமிச்சோம்?" என்றார்.

ஸ்டெல்லாவை அனுப்பவில்லை. பெயரைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனதற்கு ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். நிரந்தரம் ஆவது தள்ளிப்போனது, ஆனால் ஆகிவிட்டது. பாஸ்கருக்கும் மேலிடத்தில் ஏதோ கிடைத்தது, என்னவென்று அவர் சொல்லவில்லை. இனிமேல் அந்த ஸ்டேஷனில் உட்காருகிற ஒவ்வொருவரும் அவரவர் பெயரில்தான் ஓட்ட வேண்டும், கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் நம்பர் தரப்படும் என்று உத்தரவு வந்தது. புதிதாகப் பெயர்கள் மட்டும் வாங்கவில்லை. ஆகவே இருக்கிறதில் ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்றை ஏற்ற முடியும்.

"யார் பேர எடுக்கறது சார்?"

"என்னுத எடு."

"சார், நீங்க மேனேஜரு..."

"நான் எந்த ஓஸ தண்ணில முக்கிப் பாக்குறேன்? எடுத்துட்டு அந்தப் பொண்ணு பேரப் போடு."

எடுத்தேன். அவர் ரிடையர் ஆகிறவரை அந்த சாஃப்ட்வேருக்குள் அவரால் நுழைய முடியவில்லை. ஏதாவது பார்க்க வேண்டும் என்றால் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்.

செல்விக்குப் பெயர் ஏற்றிய அன்றைக்கு ஸ்டெல்லா என்னைப் பிடித்துச் சண்டை போட்டாள். எனக்கு அது புரியவே இல்லை. நான் நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாண்ணே நீங்க! பேரு இல்லாத வரைக்கும் அதை எவனும் புடிக்க முடியாது. இப்ப பேரு போட்டு மாட்டி வுட்டுட்டீங்க. அது கண்ணு எங்க குமிழியப் பாக்குது, ஊரப் பாத்துக்கினு கீது."

"பேர் இல்லாததாலதானே நீ மாட்டுன?"

"நான் மாட்டுனா வாய் கீது, பேசுவேன். அதுக்கு இன்னா கீது?"

நான் செல்வியை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சட்டப்படி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுகிற சத்தம் கேட்டது. "ஆச்சுண்ணே" என்றாள். திரும்பினேன். திரையில் முத்துச்செல்வி என்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் குழாயை முக்கிவிட்டு வெளியே எடுக்கவே இல்லை, அவ்வளவு நேரம் தண்ணீரையே பார்த்தாள். பின்னால் குழாய் குவிந்தது. பாஸ்கர் தூரத்திலிருந்து "செல்வீ, அது மீன் தொட்டி இல்லமா!" என்று கத்தினார். அப்புறம்தான் பச்சையை அமுக்கினாள்.

"அண்ணே, இது எத்தன நாளைக்கு இருக்கும்?"

"எது?"

"இப்ப எம் பேர்ல விழுந்துச்சே, இது."

"அது இருக்கும்மா. நீ வேற கம்பெனிக்குப் போனாலும் இருக்கும்."

அவள் அடுத்த குழாயை எடுத்தாள். முனையை அடைத்துக்கொண்டே கேட்டாள், "அப்ப அந்த அக்கா பேர்ல விழுந்தது?"

"அதுவும் இருக்கும்."

"அத எம் பேருக்கு மாத்தி விட்ருங்கண்ணே."

நான் கீபோர்டை நேராக நகர்த்தி வைத்தேன்.

"அன்னைக்குத் தண்ணி கலங்கிக் கெடந்துச்சுண்ணே. மாத்தச் சொல்லணும்னு இருந்துச்சு. சொன்னா திட்டுவாகளோன்னு பயந்துக்கிட்டு அப்படியே அமுக்கிட்டேன். அக்கா பாவம்."

"முடியாதும்மா" என்றேன்.

"முடியாதாண்ணே, இல்ல மாட்டீகளா?"

முடியும், பிள்ளைகளே. சர்வருக்குள் போக எனக்கு அனுமதி இருந்தது. ஒரே ஒரு வரி. ஸ்டெல்லா இருக்கிற இடத்தில் முத்துச்செல்வி என்று அடித்து ஒரு தட்டு தட்டினால் மாறிவிடும், ஒருத்தருக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் உட்கார்ந்து அந்த வரியை அடித்தும் பார்த்தேன். மாற்றினால் திரை சொல்வது நிஜமாக நடந்ததோடு ஒத்துப்போகும். ஆனால் மாற்றியதே ஒரு பொய் வேலை. அந்த நாளில் முத்துச்செல்வி என்று ஒரு பெயரே கம்ப்யூட்டருக்குள் இல்லை, இல்லாத பெயர் எப்படி அமுக்கும்? மாற்றாவிட்டால் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும், விஷயம் பொய்யாக இருக்கும். இப்படியும் அப்படியும் யோசித்து, கடைசியில் அடித்த வரியை அழித்தேன். சரியா தப்பா என்று தெரிந்து அழிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அதனால் அழித்தேன்.

மறுநாள் ஸ்டெல்லாவிடம் இதைச் சொன்னேன். செல்வி இப்படிக் கேட்டாள், நான் மாற்றவில்லை, உன் பெயரிலேயேதான் அது கிடக்கிறது, உனக்கு வருத்தமா என்று கேட்டேன். அவள் ஸ்டிக்கர் அடிக்கிற பிரிண்டரில் ரோலை மாற்றிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அது என் பேர்ல எத்தினி நாள் ஓட்டுச்சு? அது நல்லதுன்னு அமுக்குன ஓஸ் எல்லாம் கூட என் பேர்லதாண்ணே கீது. வண்டியில மாட்டி ஓடிக்கினு கீது. கெட்டது ஒண்ண அதும் பேருக்கு மாத்துனா, அந்த நல்லதையெல்லாம் யாரு மாத்தித் தருவா? நான் தர மாட்டேன், போங்க."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது நியாயமா, கேலியா என்று எனக்குப் பிடிபடவில்லை. செல்வி அதற்கப்புறம் ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. எச்.ஆரிலிருந்து எனக்கு எழுதினார்கள், நான் அவள் பெயரை மூடினேன்.

இப்போதும் ரோட்டில் கார் போகும்போது எனக்கு இந்த நினைப்பு வரும். அதில் எங்கள் குழாய் இருக்கலாம். அதில் ஸ்டெல்லா என்று இருக்கலாம். அந்தக் குழாயைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தது யார் என்று அந்த வண்டியில் போகிறவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிரேக் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது.